இணையவழித் தமிழ் வகுப்பு: முழு நேரலையா, தளப் பணியா, சிறு குழுவா?

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு நாள் மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே கற்கிறார்கள். 2021-ஆம் ஆண்டின் மூன்றாம் தவணையிலிருந்து படிப்படியாக நடப்புக்கு வந்த இந்த ஏற்பாடு, இன்று பள்ளி நாட்காட்டியின் வழக்கமான பகுதியாகிவிட்டது. அத்தகைய நாளில் தமிழ்ப் பாடவேளை அமையும்போது, அதை எவ்வாறு நடத்துவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு பாட ஆசிரியருக்கு வருகிறது. என் அனுபவத்தில் அவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முழு வகுப்பையும் காணொளி வழியாக ஒரே நேரத்தில் கூட்டி, பாடவேளை முழுவதும் நேரலையில் நடத்துவது முதல் வழி. எஸ்எல்எஸ் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் மாணவர் கற்றல் தளத்தில் பணிகளை ஏற்றிவிட்டு, மாணவர்களைத் தத்தம் வேகத்தில் செய்யவிடுவது இரண்டாவது வழி. வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் சிறிது நேரம் நேரலையில் சந்தித்துவிட்டு, மற்ற நேரத்துக்குத் தளத்தில் பணி கொடுப்பது மூன்றாவது வழி. இம்மூன்றையும் நான் பல ஆண்டுகளாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். அடுத்த தவணைக்குத் தயாராகும் சக ஆசிரியர்களுக்கு, குறிப்பாக இப்பணிக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு, அந்த அனுபவத்தை ஒப்பிட்டுச் சொல்வது பயன்படும் என்று நம்புகிறேன்.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி எல்லாப் பள்ளிகளும் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது, இப்படி நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. கிடைத்த கருவியைக் கையில் எடுத்தோம். அடுத்த நாளே, ஒரு பாடத்தின் நடுவே அந்நியர்கள் ஊடுருவிய சம்பவத்தைத் தொடர்ந்து ஸூம் பயன்பாட்டைக் கல்வி அமைச்சு தற்காலிகமாக நிறுத்திவைத்தது. கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் சில நாள்களில் அது திரும்ப வந்தது. கணினி இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிகள் கணினிகளை இரவல் கொடுத்தன. அப்போது நம் கவலையெல்லாம் 'நடத்த முடியுமா' என்பதுதான். 2021-ஆம் ஆண்டின் இறுதிக்குள் உயர்நிலை மாணவர்கள் அனைவர் கையிலும் தனிநபர் கற்றல் சாதனம் வந்து சேர்ந்தது. எனவே இன்று கேட்க வேண்டியது, நடத்தும் அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வியே.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். கணக்குப் பாடத்தில் ஒரு மாணவர் வாய் திறக்காமலேயே பத்துக் கணக்குகளைச் செய்து முடிக்கலாம். அவர் கற்றார் என்பதற்கு அதுவே போதுமான சான்றாகும். தமிழ் வகுப்பு அப்படியன்று. இங்கு பல இந்தியக் குடும்பங்களில் வீட்டுமொழி ஆங்கிலமாகிவிட்டது. என் வகுப்பில் உள்ள சில பிள்ளைகளுக்கு, ஒரு வாரத்தில் தமிழில் பேசியே ஆக வேண்டிய இடம் தமிழ் வகுப்பு மட்டுமே. அந்த வகுப்பும் திரைக்குள் போய், அங்கும் அவர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்துவிட்டால், அந்த வாரம் அவர்கள் நாவில் தமிழே இருந்திருக்காது. ஆகையால் நான் எந்த முறையையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன்: ஒவ்வொரு மாணவரும் தம் சொந்த வாயாலும் கையாலும் எத்தனை நிமிடம் தமிழைப் பயன்படுத்தினார்? பாடம் எவ்வளவு அழகாக இருந்தது, படவில்லைகள் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தன என்பவையெல்லாம் அதற்கு அடுத்தவைதாம்.

முழு நேரலை வகுப்பின் நன்மைகள் வெளிப்படையானவை. பிள்ளைகள் குறித்த நேரத்தில் எழுந்து, ஒருவரையொருவர் பார்த்து, நாளுக்கு ஓர் ஒழுங்கைப் பெறுகிறார்கள். ஆசிரியரின் குரலில் உள்ள அன்பும் கண்டிப்பும் நேராகச் சென்று சேர்கின்றன. 'பள்ளி', 'வழி', 'வலி' ஆகியவற்றை உச்சரிக்கும்போது நாக்கு எங்கே படுகிறது என்பதைக் காட்டித் திருத்துவது போன்ற வேலைகளுக்கு நேரலைக்கு இணையாக வேறொன்றும் இல்லை. பெற்றோருக்கும் அது மனநிறைவைத் தருகிறது. பிள்ளை வகுப்பில் இருக்கிறான் என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள்.

ஆனால் ஒரு முறை, நான் நடத்திய நேரலைப் பாடத்தின் பதிவைக் கையில் கடிகாரத்துடன் உட்கார்ந்து கேட்டேன். உயர்நிலை இரண்டாம் வகுப்பு, 18 மாணவர்கள், ஒரு மணி நேரம். நல்ல பாடம் நடத்தினேன் என்ற எண்ணத்தில்தான் அன்று கணினியை மூடியிருந்தேன். பதிவில் மாணவர் குரல்கள் அனைத்தையும் சேர்த்துக் கூட்டியபோது ஐந்து நிமிடம்கூட வரவில்லை. அந்த ஐந்து நிமிடத்திலும் பெரும்பகுதி நான்கு பேருடையது. கேள்வி கேட்டேன், அமைதி நிலவியது, அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நானே பதிலையும் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே செய்திருந்தேன். அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, ஏனென்றால் பதில் சொல்ல வாய் திறந்த ஒரு பையனின் 'அது வந்து டீச்சர்' என்ற சொற்களின் மேல் என் குரல் ஏறி அமர்ந்து அவனை அடக்கிவிட்டது பதிவில் தெளிவாகக் கேட்டது.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடியே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீளமாகவும் சிந்தனையுடனும் வருகின்றன என்றும் காட்டினார். நேருக்கு நேர் நடக்கும் வகுப்புக்கே மூன்று விநாடி தேவையென்றால், திரையில் ஒலிவாங்கியைத் திறந்து, மனத்தில் ஆங்கிலத்தில் எழுந்த எண்ணத்தைத் தமிழாக்கி, பிறகு பேசத் தொடங்க வேண்டிய பிள்ளைக்கு எவ்வளவு தேவைப்படும்! நான் இப்போது கேள்வியைக் கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுகிறேன். இது சிறிய மாற்றம்தான், ஆயினும் நேரலையைத் தேர்ந்தெடுக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டியது இதுவே. எனினும் காத்திருப்பது மட்டும் கணக்கைச் சரிசெய்துவிடாது. ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் வருகைப் பதிவுக்கும் இணைப்புக் கோளாறுகளுக்கும் போய்விடுகிறது. எஞ்சியதில் பாதியை மட்டுமே ஆசிரியர் பேசினார் என்று வைத்துக்கொண்டாலும், 25 நிமிடத்தை 18 பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்கூட வராது.

நேரலைக்குள்ளேயே மாணவர்களை மும்மூன்று பேராகப் பிரித்துச் சிற்றறைகளுக்கு அனுப்பும் வசதி இக்குறையை ஓரளவு தீர்க்கிறது. பன்னிரண்டு நிமிடத்தில் மூவர் பேசினால் ஆளுக்கு நான்கு நிமிடம் கிடைக்கும். எண்ணிக்கை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆசிரியரால் ஒரு நேரத்தில் ஓர் அறையில்தான் இருக்க முடியும், அவர் இல்லாத அறைகளில் உரையாடல் மிக விரைவில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. அறைக்குள் நான் நுழைந்ததும் ஒரு கணம் அமைதி நிலவி, அதன் பிறகு அவசரமாகத் தமிழ் தொடங்குவதைப் பல முறை கேட்டிருக்கிறேன். இதற்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. தமிழில் பேசுவதற்கான தேவையை அந்தப் பணியே உண்டாக்க வேண்டும். 'இத்தலைப்பைப் பற்றிக் கலந்துரையாடுங்கள்' என்று அனுப்பினால் ஆங்கிலம் வரும். 'நீங்கள் மூவரும் ஒரு வானொலிச் செய்தி அறிக்கை தயாரிக்க வேண்டும்; ஒருவர் செய்தி வாசிப்பாளர், ஒருவர் நேரில் கண்டவர், ஒருவர் நிருபர்; திரும்பி வந்ததும் ஓர் அறையைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கேட்போம்' என்று அனுப்பினால் தமிழ் வருகிறது.

ஸூமா, கூகல் மீட்டா, மைக்ரோசாஃப்ட் டீம்ஸா என்ற விவாதத்துக்கு நான் அதிக நேரம் ஒதுக்கமாட்டேன். பள்ளியில் மற்றப் பாடங்களுக்கு எது பயன்படுகிறதோ அதையே தமிழுக்கும் வைத்துக்கொள்வது நல்லது. தமிழ் வகுப்புக்கு மட்டும் தனியாக ஒரு செயலி, தனியாக ஒரு கடவுச்சொல் என்றால், தமிழே ஒரு கூடுதல் சுமை என்ற எண்ணத்தை நாமே ஊட்டியவர்கள் ஆவோம்.

இரண்டாவது வழியான கற்றல் தளத்துக்கு வருவோம். 2018-ஆம் ஆண்டு எல்லாப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்ட இந்தத் தளத்தில் ஆசிரியர் தாமே பாடங்களை உருவாக்கலாம், மற்றவர்கள் உருவாக்கியவற்றை எடுத்துத் தம் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், காணொளியும் ஒலிப்பதிவும் இணைக்கலாம், தெரிவு விடை வினாக்களைத் தளமே திருத்தும்படி அமைக்கலாம். கேட்டல் கருத்தறிதலுக்கு இது நேரலையைவிடச் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. வகுப்பில் ஒரே வேகத்தில் ஒலிக்கும் பகுதியை, வீட்டில் மெதுவாகக் கற்கும் மாணவர் மூன்று முறை நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். காணொளிகளைப் பொறுத்தவரை அளவு முக்கியம். எட்எக்ஸ் என்னும் இணையக் கல்வித் தளத்தில் 6.9 மில்லியன் முறை காணொளிகள் பார்க்கப்பட்ட விவரங்களை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஆய்வொன்று, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்போர் தொடர்ந்து ஈடுபடும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டது. அவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்து படித்தவர்கள். நம் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஆறு நிமிடமும் அதிகம் என்றே நான் எண்ணுகிறேன்; என் காணொளிகளை நான்கு நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறேன்.

இவ்வழியின் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கென்று நான் ஏற்றிய பணியைச் சிலர் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். சிலர் இரவு 11.50 மணிக்குத் தொடங்குகிறார்கள். எழுத்துப் பணிகளில், இயந்திர மொழிபெயர்ப்போ செயற்கை நுண்ணறிவோ எழுதித் தந்த தமிழ் வருகிறது. பிழையே இல்லாத அந்தப் பத்திகளில் பிள்ளையும் இல்லை. இதைக் கண்டுபிடித்துத் தண்டிப்பதில் என் நேரத்தைச் செலவிடுவதைவிட, அப்படிச் செய்ய முடியாத பணியைக் கொடுப்பதில் செலவிடுவதே மேல் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். தளத்தில் மாணவர்கள் தம் குரலைப் பதிவு செய்து விடையளிக்கும் வசதி இருக்கிறது. தமிழாசிரியருக்கு அத்தளத்தில் கிடைக்கும் மிகப் பெரிய செல்வம் அதுதான்.

நேரலையில் ஒரு முறைகூடத் தானாகப் பேசாத ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயர்நிலை இரண்டு. பெயர் சொல்லி அழைத்தால் 'தெரியல டீச்சர்' என்பாள். அதற்குமேல் ஒரு சொல்லும் வராது. 'உங்கள் வீட்டில் அடிக்கடி சமைக்கும் ஓர் உணவை எப்படிச் சமைப்பது என்று ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள்; சமைப்பவரிடம் கேட்டுச் சொல்லலாம்' என்று குரல்பதிவுப் பணி கொடுத்திருந்தேன். அவளுடைய பதிவு ஒன்றே முக்கால் நிமிடம் ஓடியது. பின்னணியில் குக்கர் விசிலடித்தது. அவள் மீன்குழம்புக்குப் புளி கரைப்பதைச் சொல்லிக்கொண்டு வந்து, 'அப்புறம் வெந்தயம் போடணும்' என்றபோது, சற்றுத் தள்ளியிருந்து ஒரு முதிய குரல், 'எண்ணெ காயாம போட்டா எப்படி? மொதல்ல எண்ணெ காயணும்' என்றது. அவள் சிரித்துவிட்டு, 'சரி ஆயா' என்று சொல்லி, அந்த வாக்கியத்தைத் திருத்திச் சொல்லி மேலே சென்றாள். அந்தப் பதிவில் பேச்சுத் தமிழும் இருந்தது, வகுப்பில் கற்ற எழுத்துத் தமிழும் இடையிடையே இருந்தது. எங்கே எதைப் பயன்படுத்துவது என்பதை அவள் காது அறிந்திருந்தது. 2005-ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கு நம் வகுப்பறைகளில் உரிய இடம் தரப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சுத் தமிழ் உண்மையில் குடியிருப்பது இதுபோன்ற சமையலறைகளில்தான், வீட்டிலிருந்து கற்கும் நாளில் நாம் அதன் பக்கத்திலேயே இருக்கிறோம். பள்ளியில் நடத்தும் எந்த வகுப்பிலும் எனக்கு அந்த ஆயாவின் குரல் கிடைத்திருக்காது.

இவ்விரு வழிகளின் நல்ல பகுதிகளை இணைக்கும் முயற்சிதான் மூன்றாவது வழி. நான் அதை அமைக்கும் விதம் இது. 18 பேரை ஆறு ஆறு பேராக மூன்று குழுக்களாக்குகிறேன். பாடவேளையின் முதல் இருபது நிமிடம் முதல் குழு என்னுடன் நேரலையில் இருக்கும்; மற்ற இரு குழுக்களும் தளத்தில் கேட்டல் பணியையும் குரல்பதிவையும் செய்துகொண்டிருக்கும். இருபது நிமிடம் முடிந்ததும் அடுத்த குழு வரும். ஆறு பேரிடம் பேசும்போது என் குரல் தானாகவே குறைந்துவிடுகிறது; விளக்கவுரை நிகழ்த்தும் ஆசை எழுவதில்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் என்னுடன் நேராகப் பேசும் வாய்ப்புக் கிடைக்கிறது, அதற்கு மேல் குரல்பதிவில் ஒரு நிமிடம். முழு நேரலையில் கிடைத்ததைவிட இது இரு மடங்குக்கும் அதிகம். வகுப்பில் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பது மாணவர்களுக்கு முதலில் அச்சத்தைத் தந்தது உண்மை. ஆனால் ஆறு பேர் என்பது ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமரும் எண்ணிக்கை. மூன்றாவது சந்திப்புக்குள் அவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் எடுத்துத் தொடரத் தொடங்கிவிட்டார்கள்.

குழுக்களைத் தேர்ச்சி நிலைப்படி பிரிப்பதா, கலந்து அமைப்பதா என்பது தனிக் கேள்வி. நான் கலந்தே அமைக்கிறேன். நன்றாகப் பேசும் ஒருவர் இருந்தால் மற்ற ஐவருக்கும் காதில் விழுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கும். ஆனால் அத்தகையவர் இருவருக்கு மேல் ஒரே குழுவில் சேர்ந்தால் உரையாடல் அவர்களுக்குள்ளேயே சுழன்றுவிடுகிறது.

தமிழ்த் தட்டச்சு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மூன்று வழிகளிலும் எழுத்துப் பணியின் தரத்தை முடிவு செய்வது இதுவே. திட்டமிடும்போது பலரும் மறந்துவிடுவதும் இதையே. நேரலையின் உரையாடல் பெட்டியில் மாணவர்கள் இயல்பாக ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுதுகிறார்கள். அதை அனுமதிக்கலாமா? பேச்சுக்கு முன்னோட்டமாக, விரைவாக ஒரு கருத்தைப் பெறுவதற்காக என்றால் அனுமதிக்கலாம் என்பேன். எழுத்துப் பணியென்றால் கூடாது. அடுத்த கேள்வி, தமிழ் எழுத்தில் எழுத எந்த விசைப்பலகை என்பது. ஒலிபெயர்ப்பு முறையில் மாணவர் ஆங்கில எழுத்துகளைத் தட்ட, சாதனம் தமிழ்ச் சொற்களை முன்வைக்கிறது. அவர் ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கிறார். தொடங்குவது எளிது. ஆனால் 'மழை' என்பதில் வருவது எந்த 'ல' என்று அவர் யோசிக்க வேண்டிய இடத்தில் சாதனம் யோசித்துவிடுகிறது. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் இருக்கின்றன. ல, ள, ழ மூன்றும் தனித்தனி விசைகள் என்பதால் ஒவ்வொரு முறையும் மாணவர் தாமே முடிவு செய்ய வேண்டும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகள் போதும். இரண்டு மகரம் அடுத்தடுத்து வந்ததும் முன்னதன் மேல் புள்ளி தானாக விழுகிறது. ஒரு வகுப்பில் இதை முதன்முதலாகக் காட்டியபோது, 'புள்ளி எப்படி டீச்சர் அதுக்குத் தெரியும்?' என்று ஒரு மாணவர் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்து, எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரலாம் என்னும் மெய்ம்மயக்கத்தைப் பற்றி அரைமணி நேரம் பேச முடிந்தது. பிள்ளைகளிடம் உள்ள விண்டோஸ் மடிக்கணினி, குரோம்புக், ஐபேட் ஆகிய மூன்றிலும் தமிழ்99 இருக்கிறது. தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு செய்தியை மாணவர்களிடம் சொல்வது நல்லது. தமிழ் இணைய மாநாடுகளில் முதலாவதான தமிழ்நெட் 97, 1997-ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில்தான் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அதைத் தொடர்ந்து 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை தரமாக வந்தது. திரையில் தமிழ் எழுதுவதென்பது வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த ஒன்றன்று, இந்தத் தீவில் ஒரு தமிழாசிரியரும் அதற்காக உழைத்திருக்கிறார் என்பதைக் கேட்கும்போது பிள்ளைகளின் முகத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது.

படக்கருவியை (கேமராவை) கட்டாயம் திறந்து வைக்க வேண்டுமா என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் ஒரே அறையை மூன்று உடன்பிறப்புகள் பகிரும்போது, பின்னால் தம்பி உடை மாற்றிக்கொண்டிருப்பான், அல்லது தாத்தா கட்டிலில் படுத்திருப்பார். முழு வகுப்பில் நான் வற்புறுத்துவதில்லை. ஆறு பேர் குழுவில், பேசும் அந்த இரண்டு நிமிடத்துக்கு மட்டும் முகத்தைக் காட்டும்படி கேட்கிறேன்; இயலாதவர் முன்கூட்டியே எனக்குத் தனியாகத் தெரிவித்தால் போதும். இதுவரை இது சிக்கலாகவில்லை. அறையைப் பகிரும் பிள்ளைகளுக்கு மூன்றாவது வழியில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அக்கா ஆங்கில நேரலையில் இருக்கும் அதே ஒரு மணி நேரமும் தங்கை உரக்கத் தமிழ் பேச முடியாது, ஆனால் இருபது நிமிடத்துக்கு வரவேற்பறையையோ சமையலறை மேசையையோ விட்டுத்தர வீட்டில் யாரும் மறுப்பதில்லை.

மூன்றாவது வழிக்குக் கொடுக்க வேண்டிய விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது ஆசிரியரின் நேரம். ஒரே இருபது நிமிடப் பாடத்தை மூன்று முறை நடத்த வேண்டும். மூன்றாவது முறை உற்சாகம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய சுமை குரல்பதிவுகள். 18 பேரின் ஒரு நிமிடப் பதிவுகளைக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் செலவிட்டுக் கருத்துச் சொன்னால் 36 நிமிடம் ஆகும். ஐந்து வகுப்புகளுக்கு அதையே செய்தால் மூன்று மணி நேரம். இதை மாதம் இரு முறை, மற்றத் திருத்தப் பணிகளுக்கும் இணைப்பாட நடவடிக்கைகளுக்கும் இடையே செய்வது எளிதன்று. முதல் ஆண்டில் எல்லாவற்றுக்கும் விரிவாகக் கருத்தெழுத முயன்று களைத்துப்போனேன். இப்போது ஒவ்வொரு முறையும் ஒரு குழுவின் ஆறு பதிவுகளுக்கு மட்டும் முழுமையான கருத்தை என் குரலிலேயே பதிவு செய்து அனுப்புகிறேன். மற்றவற்றைக் கேட்டு ஒரே ஒரு வரி எழுதுகிறேன். அடுத்த முறை அடுத்த குழு. தங்கள் முறை எப்போது என்பது மாணவர்களுக்குத் தெரியும். ஒரு வரியாவது எழுதாமல் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் கேட்கப்படாத பதிவை இரண்டாவது முறை எந்தப் பிள்ளையும் மனம் வைத்துச் செய்யாது.

எல்லாருக்கும் இதே வழி பொருந்தும் என்று சொல்லமாட்டேன். உயர்நிலை ஒன்றாம் வகுப்பின் முதல் மாதத்தில், பல தொடக்கப்பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் ஒருவர் பெயரை ஒருவர் அறியும் முன் நடக்கும் இணைய வகுப்பை முழு நேரலையாகவே வைத்துக்கொள்வேன்; அப்போது பேச்சு நிமிடங்களைவிட 'நாம் ஒரு வகுப்பு' என்ற உணர்வு முக்கியம். பள்ளியில் தமிழ் இல்லாததால் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்கோ வட்டார நிலையங்களுக்கோ சென்று கற்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும், ஏனெனில் வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வரும் அவர்கள் சந்திக்கும் நேரமே குறைவு. கட்டுரைத் திட்டமிடல், இலக்கண விளக்கம் ஆகியவற்றுக்கு இரண்டாவது வழி தாராளமாகப் போதும். அதற்காக அனைவரையும் ஒரே நேரத்தில் திரையின் முன் அமர்த்த வேண்டியதில்லை. உயர்நிலை நான்காம் வகுப்பில் வாய்மொழித் தேர்வு நெருங்கும்போது மூன்றாவது வழியை இன்னும் சுருக்கி, குழுவுக்கு மூவர் என்று வைத்துக்கொள்வது நல்லது. உயர்நிலைக் கல்வியின் இறுதியில் வரும் சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வின் வாய்மொழிப் பகுதியில் மாணவர்கள் திரையில் ஒரு காணொளிக் காட்சியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி உரையாடுகிறார்கள். அந்தப் பயிற்சிக்கு, திரையைப் பகிர்ந்து நடத்தும் இணைய வகுப்பு வகுப்பறையைவிட நெருக்கமான சூழலைத் தருகிறது என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

மற்ற நாள்களுக்கு, அதாவது உயர்நிலை ஒன்றின் இரண்டாம் தவணையிலிருந்து உயர்நிலை மூன்றின் இறுதி வரையில், என் தேர்வு சிறு குழுவே. அதற்கான ஆயத்தத்தை இணைய வகுப்புக்கு முந்திய பள்ளி வகுப்பிலேயே முடித்துவிட வேண்டும். குழுப் பட்டியலையும் நேரத்தையும் வெண்பலகையில் எழுதிக்காட்டி, ஒவ்வொருவரும் தம் சாதனத்தில் தமிழ்99-ஐத் திறந்து தம் பெயரைத் தட்டச்சு செய்யும்படியும், தளத்தில் பத்து விநாடிக்கு ஒரு சோதனைப் பதிவு செய்யும்படியும் கேட்கிறேன். 'என் பெயர் இது, நான் காலையில் இதைச் சாப்பிட்டேன்' என்று பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தத்தம் சாதனத்திடம் பேசும்போது வகுப்பறை சந்தைபோல் இரையும். யாருடைய ஒலிவாங்கி வேலை செய்யவில்லை என்பது அந்த இரைச்சலிலேயே தெரிந்துவிடும்.